அக்கரையில் ஓடிய பெல்ட்

உப்பு சுமந்தவனை உச்சந்தலையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். சும்மாடு உட்காரும் இடத்தில் முடி இருக்காது. என் தலையிலும் அந்த வட்டம் இருக்கிறது. மாரியூருக்குக் கிழக்கே கடலை ஒட்டிய ஓர் உப்பளத்தில் சுமக்கிறவனாகச் சேர்ந்து, பிறகு சுமக்கிறவர்களுக்கு மேஸ்திரி ஆனவன் நான். எழுத்துக்கூட்டி வாசிக்கிற அளவுக்குத்தான் படிப்பு. ஆனாலும் இதை எழுதக் காரணம் இருக்கிறது. உங்களில் பலர் முதலாளி வாங்கப்போகும் சாமானைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கப்போய் மாட்டிக்கொண்டவர்களாக இருப்பீர்கள். நன்றாக அமைந்தால் அது அவர் புத்தி; கெட்டுப்போனால் நம் தலை. அந்தத் தலைக்காரர்களுக்குத்தான் இது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உப்பளத்துக்கு வருமுன் நான் கொழும்பு ஹார்பரில் கரி சுமந்தவன். அங்கேயே பிறந்த கமலம் என்கிற பெண்ணைக் கட்டினேன். கொட்டாஞ்சேனையில் அவள் அம்மா நடத்திய இடியாப்பக் கடைக்குப் பின்னால் குடியிருந்தோம். வெள்ளைக்காரன் போன மறு வருசம் என்னைப் பெற்ற அய்யா செத்துப்போன சேதி வந்து, முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சொந்த ஊருக்குக் கிளம்பி வந்தேன். காரியம் முடித்துத் திரும்பப் போனால் சட்டம் மாறியிருந்தது. பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் தலைமன்னாரில் கால் வைக்க முடியாது என்றார்கள். எனக்கு இரண்டும் கிடைக்கவில்லை. கமலம் இங்கே வந்தால் திரும்ப முடியாது, அவள் அம்மாவோ பாயில் கிடந்தாள். நான் கிளம்பியபோது மகள் ராசாத்திக்கு இரண்டு வயசு. கடல் ஓரத்தில் வேலை கிடைத்தால் போதும், கொஞ்சமாவது பக்கத்தில் இருந்த மாதிரி இருக்கும் என்றுதான் உப்பளத்தில் சேர்ந்தேன்.

கொழும்பு பார்த்தவன்

வாரிய உப்பைக் கரையில் மலை மாதிரிக் குவித்துப் பனையோலை போட்டு மூடி வைப்போம். அதற்கு அம்பாரம் என்று பேர். அங்கிருந்து கடலுக்குள் நீட்டிய மரப்பாலம் வரைக்கும் பெண்கள் கடகப்பெட்டியில் உப்பைச் சுமந்துபோய் வள்ளத்தில் கொட்டுவார்கள். வள்ளம் அதைக் கொண்டுபோய், ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் தோணியில் ஏற்றும். பெட்டியோடு ஒரு தடவை போய்த் திரும்பினால் ஒரு நடை. கூலி நடைக்குத்தான். ஒரு நாள் ஒரு தோணிக்காரர் கரைக்கே வந்து, இப்படி ஆமை மாதிரி ஏற்றினால் அடுத்த தடவை வேறு அளத்துக்குப் போய்விடுவேன் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

எங்கள் முதலாளி செய்யது மரைக்காயர். கொழும்பில் அவருடைய மச்சானுக்குக் கடை உண்டு. அன்றைக்குக் குடையை மடக்காமலே என்னிடம் வந்தார். "ஏப்பா கருப்பையா, நீ ஹார்பர்ல கெடந்தவன்தானே. அங்கன எப்பிடி ஏத்துறாக?" என்றார். நான் சொன்னேன். ரப்பர் பட்டை ஒன்று உருளைகள் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த முனையில் கரியைக் கொட்டினால் அந்த முனையில் கப்பலுக்குள் விழும். அதற்குப் பெல்ட் என்று பேர். சொல்லும்போதே எனக்கு வேறொன்றும் தெரிந்தது. மத்தியானம் ஹார்பர் கேட்டில் கமலம் தூக்குவாளியோடு நிற்பாள், இடுப்பில் பிள்ளை இருக்கும். கரிக் கையால் பிள்ளையைத் தொடவிட மாட்டாள். கழுவிய கையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். அதை நான் முதலாளியிடம் சொல்லவில்லை. அவர் குடையை மடக்கிக்கொண்டு சொன்னார்:

"மெஷின் விக்கிறவுகள வரச் சொல்றேன். எது தோதுன்னு நீ பாத்துச் சொல்லு. பெல்ட்டுதான் நல்லதுன்னா, மச்சான் மூலமா விசா எடுத்து ஒன்னையே கொழும்புக்கு அனுப்புறேன். பாத்து அளவெடுத்துட்டு வா, இன்ஷா அல்லாஹ்."

ஒக்காந்து போறதுக்கு

அந்த நிமிசமே எனக்குப் பெல்ட்தான் என்று முடிவாகிவிட்டது. மற்ற மெஷின்களை வந்த மரியாதைக்குப் பார்த்தேன்.

முதலில் வந்தவர் மதுரைக்காரர். சின்னத் தண்டவாளமும் அதன்மேல் தள்ளிக்கொண்டு போகிற இரும்புத் தொட்டி வண்டியும் அவருடைய சரக்கு. கரும்பு ஆலைகளில் எல்லாம் இதுதான் என்றார். உப்புப் பாத்திகளுக்கு நடுவே போகும் வரப்பில் நாலைந்து துண்டுத் தண்டவாளத்தைப் போட்டு ஓட்டிக் காட்டினார். வரப்பு என்றால் களிமண். அவர் தொட்டி நிறைய உப்பு ஏற்றித் தள்ளியதும் ஒரு பக்கத் தண்டவாளம் மெல்ல இறங்கியது. வண்டி நின்றது, யோசித்தது, பிறகு குடை சாய்ந்து பாத்திக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. பின்னாலேயே அவரும் போனார். சட்டையெல்லாம் உப்புத் தண்ணீர். கைகொடுத்துத் தூக்கிவிட்டேன். தண்டவாளம் சரியில்லை என்று சொல்லும் வேலை எனக்கு மிச்சம் ஆனது.

சுமக்கிற பெண்கள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மூத்தவள் அந்தோணியம்மா. கடலோரத்து வேதக்காரக் குடும்பம். புருசன் சூசை கட்டுமரத்தில் போகிறவன். அவளுக்கு வாய் கொஞ்சம் அதிகம். தலையிலிருந்த பெட்டியை இறக்காமலே சொன்னாள்:

"வண்டி நல்லாத்தான் இருக்கு மேஸ்திரி அண்ணே. மதுரை அய்யாவ ஒக்கார வச்சுத் தள்ளிட்டுப் போங்க, உப்ப நாங்க எப்பவும் போலத் தூக்கிட்டு வாறோம்."

கம்பியில் போகிற வாளி

அடுத்து வந்தவர் கோயம்புத்தூர்ப் பக்கம். இரண்டு ஓரத்திலும் உயரமான கால் நட்டு, நடுவே கம்பிவடம் கட்டி, அதில் வாளிகளைத் தொங்கவிட்டு ஓட்டுவது அவர் முறை. மலைத் தோட்டங்களில் தேயிலை மூட்டை இப்படித்தான் இறங்குகிறது என்று படம் காட்டினார். நல்ல மனுசர். கேட்டதற்கெல்லாம் பதில் வைத்திருந்தார். களிமண்ணில் கால் நிற்குமா என்றேன். பனைமரத்தை அடியில் இறக்கி அதன்மேல் நிறுத்தலாம் என்றார். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்குமே என்றேன். கிரீஸ் போட்டால் தாங்கும் என்றார். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வாளி ஆடி உப்பெல்லாம் கடலில் கொட்டாதா என்றேன். வாளிக்கு மூடி போடலாம் என்றார்.

உண்மையைச் சொன்னால் அந்தக் கம்பிவடம் எங்கள் அளத்துக்குத் தோதானதுதான். ஆனால் கொழும்பு ஹார்பரில் நான் கம்பிவடம் பார்த்ததில்லை. பார்க்காததை எப்படிச் சிபாரிசு செய்வது? வாளியில் குறை, கம்பியில் குறை, கடைசியில் காக்கா வந்து கம்பியில் உட்காரும் என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவர் படங்களைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார். சாயல்குடி பஸ்ஸுக்கு நடந்துபோகும்போது, வழி காட்ட வந்த என்னிடம் கோபமே இல்லாமல் சொன்னார்:

"மேஸ்திரி, நீங்க ஏன் மெசினையே பார்க்கல? நான் பேசினது பூராவும் நீங்க கடலைத்தானுங்க பார்த்துட்டிருந்தீங்க."

நடை சாத்துவது

எங்கள் பெண்களிடம் ஒரு பேச்சு உண்டு. ராமேஸ்வரம் கோயிலில் மத்தியானம் நடை சாத்துவார்கள் இல்லையா. கடைசிப் பெட்டி வள்ளத்தில் விழுந்ததும் இவர்களும் "நடை சாத்தியாச்சு" என்று சொல்லிச் சும்மாட்டை உதறுவார்கள். அந்தோணியம்மா மாதா கோயில் போகிறவள்தான், ஆனாலும் அதைச் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைப்பது அவள்தான். ஒரு நாள் அவள் அந்தப் பேச்சைச் சொல்லாமலே சும்மாட்டை உதறிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். "பெல்ட்டு வந்தா எங்க நடை என்ன ஆகும்?" என்று கேட்டாள். பெல்ட் தானாகத் தின்னாது, அம்பாரத்தில் நின்று அள்ளிக் கொட்ட ஆள் வேண்டும், பாதிப் பேருக்காவது வேலை இருக்கும் என்றேன். மீதிப் பாதி என்று அவள் கேட்கவில்லை.

அவளுக்கு என் கதை தெரியும். உப்பளத்தில் எல்லாருக்கும் தெரியும். சூசை ஒரு தடவை, கள்ளத்தோணியில் ஏற்றிவிடட்டுமா என்றுகூடக் கேட்டிருக்கிறான். பிடிபட்டால் பிறகு எந்த வழியிலும் உள்ளே விடமாட்டார்கள் என்று நான்தான் மறுத்தேன். திருடன் மாதிரிப் போய் என் வீட்டுக் கதவைத் தட்டவும் எனக்கு மனசில்லை. அந்தோணியம்மா போகும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"போயிட்டு வாங்க அண்ணே. மொதல்ல பொஞ்சாதி புள்ளையப் பாருங்க, பெறகு பெல்ட்டப் பாருங்க. வரும்போது எங்களையும் கொஞ்சம் நெனச்சுக்கங்க."

ஆளைத் தேடி வந்த மூட்டை

எங்கள் அளத்தில் ஒரு கணக்கப்பிள்ளை இருந்தார். அவர் பேரை நான் எழுதமாட்டேன். வாயாலும் சொல்வதில்லை. அவர்தான் முதலாளியிடம் போய், மெஷின் எதற்கு, உள்ளூர் ஆசாரியை வைத்துப் பனங்கட்டையில் உருளை செய்து சரிவாக அடுக்கினால் மூட்டை தானாக வழுக்கிக்கொண்டு போகும் என்று யோசனை சொன்னது. கொழும்பில் தேயிலைப் பெட்டிகள் அப்படி இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். பெட்டிக்கு அடி தட்டை. உப்பு மூட்டைக்கு வயிறுதான் இருக்கிறது, அடி இல்லை. சொன்னேன், கேட்கவில்லை.

முதல் மூட்டை போகவே இல்லை. இரண்டு உருளைக்கு நடுவில் வயிற்றை இறக்கி உட்கார்ந்துகொண்டது. ஆசாரி அடியில் விளக்கெண்ணெய் தடவினான். அடுத்த மூட்டையை நான்தான் தள்ளிவிட்டேன். அது போன போக்கை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சந்தோசம்தான். கீழே, பாலத்து முனையில் கணக்கப்பிள்ளை ஸ்டூல் போட்டு வெற்றிலை மடித்துக்கொண்டு இருந்தார். மூட்டை நேராக ஸ்டூலின் காலைத் தட்டியது. ஆள் ஒரு பக்கம், வெற்றிலைப் பெட்டி ஒரு பக்கம், சுண்ணாம்பு வேட்டி முழுக்க. அவர் எழுந்திருக்காமலே என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஏலே கருப்பையா, மூட்டை தன்னால வரல. இதுக்கு அட்ரஸ் சொல்லி அனுப்பியிருக்க. பாத்துக்கிறேன்."

கை அளவு

பெல்ட்தான் என்று முதலாளி ஒத்துக்கொண்டுவிட்டார். மச்சானுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன், இரு என்றார். நான் இருக்கவில்லை. ராமேஸ்வரம் போய் ராசாத்திக்கு வளையல் வாங்கினேன். கோயில் தெருவில் சங்கும் வளையலும் விற்கிற கடை. கடைக்காரர் கை அளவு கேட்டார். நான் என் கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்து வளைத்துக் காட்டினேன். ஹார்பர் கேட்டில் அவள் கையைப் பிடித்தால் இவ்வளவுதான் வரும். பிள்ளைக்கு என்ன வயசு என்றார். யோசித்துப் பார்த்து ஏழு என்றேன். அவர் என் விரலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

அங்கே பக்கத்தில் வளையல் போட்டுக்கொண்டிருந்த யாருடைய பிள்ளைக்கோ அந்த வயசு இருக்கும். அதன் கையைக் காட்டி அந்த அளவில் கொடுங்கள் என்றேன். அந்தப் பிள்ளை பயப்படாமல் கையை நீட்டியது. வளையல் ஏறும்போது முகத்தைச் சுளித்தது, ஏறியதும் குலுக்கிப் பார்த்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன் போல. கடைக்காரர் பொட்டலத்தைக் கையில் திணித்துச் சொன்னார்:

"புள்ளைய ரொம்ப நாளாப் பாக்கலையோ? ஊருக்குப் போனதும் மொதல்ல கையைப் பிடிச்சுப் பாருங்க, அளவு தப்புனா மாத்தித் தாறேன்."

சின்ன ர, பெரிய ற

விசாவுக்கு எழுதவேண்டிய காகிதம் வந்துவிட்டது என்று முதலாளி எங்களைக் கூப்பிட்டார். நான் சவரம் செய்துகொண்டு, சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். கணக்கப்பிள்ளையும் அங்கே இருந்தார். முதலாளி கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "யாரு பேருன்னு இன்னும் எழுதல. மச்சான் கேக்குறாரு. ஏப்பா கருப்பையா, எத்தனையோ பேரு எத்தனையோ மெஷின் காட்டுனாக, நீ பெல்ட்டையே பிடிச்சுக்கிட்டு நிக்கிற. ஒனக்கு இதுல ஏன் இம்புட்டு அக்கறை?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். நான் உப்பு, தோணி, காற்று என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கணக்கப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "முதலாளி, அவனுக்கு இருக்கிறது பெரிய ற போட்ட அக்கறை இல்ல. சின்ன ர போட்ட அக்கரை" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முதலில் விளங்கவில்லை. நான் இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்வேன், எழுதச் சொன்னாலும் எதில் எந்த ர வரும் என்று தெரியாது. விளங்கியபோது முதலாளியின் சிரிப்பு நின்றிருந்தது. இலங்கையை நாங்கள் அக்கரை என்றுதான் சொல்வோம். என் குடும்பம் அங்கே இருப்பது முதலாளிக்குத் தெரியும், அதையும் பெல்ட்டையும் அவர் சேர்த்துப் பார்த்தது அப்போதுதான். அவர் கடிதத்தை மடித்தார். கெட்ட மனுசர் இல்லை அவர். மடித்த கடிதத்தைப் பார்த்தபடியே சொன்னார்:

"ஆளு திரும்பி வரும்னு நான் பொறுப்பெழுதிக் குடுக்கணும் கருப்பையா. ஒன் எடத்துல நான் இருந்தா திரும்ப மாட்டேன். எனக்குப் பெல்ட்டும் வேணும், நீயும் வேணும். கணக்கப்பிள்ளையே போயிட்டு வரட்டும்."

இடியாப்பம்

கணக்கப்பிள்ளை கொழும்பு போனார். அந்த ஆளிடம் கெஞ்சக்கூடாது என்றுதான் இருந்தேன். தனுஷ்கோடிக் கப்பலுக்குக் கிளம்புகிற அன்றைக்கு என் கால் தானாக அவர் வீட்டுக்குப் போய்விட்டது. வளையல் பொட்டலத்தைக் கொடுத்து, கொட்டாஞ்சேனை விலாசத்தை வாயாலே சொன்னேன். போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

திரும்பி வந்தவர் கையில் பிஸ்கட் டின்னும் வாசனைச் சோப்பும் இருந்தன. நானாகக் கேட்கட்டும் என்று பேசாமல் இருந்தார். நானும் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. கேட்டேன். வீட்டுக்குப் போனாராம். கமலம் உட்காரவைத்து இடியாப்பமும் சொதியும் போட்டாளாம். "ஒம் பொண்டாட்டி கைப்பக்குவம் நல்ல பக்குவம்டா" என்று வயிற்றைத் தடவிக்கொண்டு சொன்னார். நான் தின்று எத்தனை காலமோ ஆன அந்த இடியாப்பத்தை அந்த ஆள் உட்கார்ந்து தின்றுவிட்டு வந்திருக்கிறார். வேறு எதை மன்னித்தாலும் இதை நான் மன்னிப்பதாக இல்லை. கமலம் என்ன சொன்னாள் என்றேன். நீ நல்லா இருக்கியான்னு கேட்டா என்றார். வளையல் பிள்ளை கைக்குச் சேர்ந்ததா என்றேன். கவனிக்கவில்லை என்றார். பிஸ்கட் டின்னைத் திறக்கப் பார்த்துக்கொண்டே, ஞாபகம் வந்தவர் மாதிரிச் சொன்னார்:

"ஒம் மக நல்லா வளந்துருச்சு. நான் உள்ள நுழைஞ்சதும் ஓடியாந்து கையப் பிடிச்சு, 'அப்பா, வந்துட்டீங்களா'ன்னு கேட்டுச்சு. நான் என்னத்தச் சொல்ல?"

கரிக்குக் கீழே

அவர் எடுத்து வந்த அளவை வைத்து மதுரைப் பட்டறையில் சட்டம் செய்தார்கள். ரப்பர் பட்டை மெட்ராஸிலிருந்து வந்தது. ஆயில் எஞ்சின் வந்தது. அம்பாரத்திலிருந்து பாலத்து முனைக்கு ஏற்றமாகச் சாய்த்து நிறுத்தினார்கள். முதலாளி ஃபாத்திஹா ஓதி எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்தார். அந்தோணியம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு முதல் பெட்டி உப்பைக் கொட்டினாள். பெல்ட் ஓடியது. உப்பு ஓடவில்லை. ஈர உப்பு, வழவழப்பான ரப்பர், ஏற்றம். கொஞ்சதூரம் மேலே போய், நின்ற இடத்திலேயே நழுவி, கொட்டியவர்கள் காலிலேயே வந்து விழுந்தது. எவ்வளவு கொட்டினாலும் அவ்வளவும் திரும்பி வந்தது.

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கொழும்பு பெல்ட்டில் குறுக்கே குறுக்கே ரப்பர்ப் பட்டை படிக்கட்டு மாதிரி ஒட்டியிருக்கும். கரி அதில் முட்டிக்கொண்டு ஏறும். இவர் சாய்வை அளந்திருக்கிறார், நீளத்தை அளந்திருக்கிறார், அதை விட்டுவிட்டார். தெரிந்ததைச் சொல்லவேண்டும் என்று என்னை யாரும் கேட்கவில்லை. முதலாளி கணக்கப்பிள்ளையைப் பார்த்த பார்வையில் அவருக்கு வேர்த்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்ன பதில்:

"நான் பாக்கும்போது பெல்ட்டு நெறையாக் கரி ஓடிக்கிட்டு இருந்துச்சு முதலாளி. கரிக்குக் கீழ என்ன இருக்குன்னு கரியத் தள்ளிவிட்டா பாக்க முடியும்?"

குறுக்குக் கயிறு

அன்றைக்குச் சாயங்காலம் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பொறுப்பு எழுதிக் கொடுக்கிறேன், இந்தத் தடவை நீயே போ, திரும்பி வருவதும் வராததும் உனக்கும் அல்லாவுக்கும் உள்ளது என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை. மறுபடி விசாவுக்குக் கடிதம் போய்ப் பதில் வருகிற வரைக்கும் பெல்ட்டை நிறுத்திவைத்தார்கள். பெல்ட்டின் சட்டத்தை நிறுத்த மரப்பாலத்துப் பலகைகளைப் பிரித்துவிட்டதால் பெண்கள் சுமக்கவும் வழியில்லை. உப்பு ஏறவில்லை. கூலி இல்லை. தோணிகள் வந்து பார்த்துவிட்டுப் போயின. பெண்கள் தினம் வந்து அம்பாரத்து நிழலில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். நான் அவர்கள் பக்கம் போகவில்லை. ராசாத்தி கேட்ட கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று நடந்துகொண்டே பேசிப் பார்ப்பேன். "வந்துட்டேன்" என்று சொன்னால் போதுமா, இன்னும் ஏதாவது சொல்லவேண்டுமா என்று.

ஒரு நாள் காலையில் அளத்துக்குப் போனபோது எஞ்சின் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் பெல்ட் ஓடுகிறது, உப்பு ஏறிப் போகிறது. பெல்ட்டின் குறுக்கே தென்னங்கயிறு வரிவரியாகத் தைத்திருந்தது. அந்தோணியம்மாவும் சூசையும் முதல்நாள் முழுக்க உட்கார்ந்து கோணி ஊசியால் தைத்திருக்கிறார்கள். ஈரக் கட்டுமரத்தில் நிற்கிறவன் கயிறு கட்டிய இடம் பார்த்துத்தான் காலை ஊன்றுவான். அதைத்தான் பெல்ட்டுக்கும் செய்திருக்கிறாள். உப்பு கயிற்றில் முட்டிக்கொண்டு சாதுவாக மேலே போய் வள்ளத்தில் விழுந்தது. முதலாளி கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரிப்பைக் குறைத்துக்கொண்டு, "மச்சானுக்கு வேண்டாம்னு எழுதிருவோமா கருப்பையா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் தலையாட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தோணியம்மா அம்பாரத்தின் மேல் நின்று உப்பை வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் இறங்கி வரட்டும் என்று காத்திருந்தேன். திட்டத்தான் நின்றேன். அவள் வந்தாள், முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். விரலெல்லாம் ஊசி குத்திய இடத்தில் உப்பு பட்டு வெளுத்திருந்தது. நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள்:

"தெரிஞ்சேதான் செஞ்சேன் அண்ணே, வையிறதுன்னா வஞ்சுக்கங்க. ஒங்க புள்ளைக்கு அக்கரையில அம்மா இடியாப்பம் சுட்டுப் போடுறா. எங்க புள்ளைக இக்கரையில மூணு நாளா என் வாயவே பாத்துக்கிட்டு இருக்குதுக."

முதலாளிக்காக மெஷின் தேர்ந்தெடுக்கப்போகும் தோழர்களே, உப்பைத் தோணிவரை ஏற்றிவிட எத்தனையோ விதமான சாதனம் உண்டு, ஏற்றிவிட்டவனை அக்கரைக்கு ஏற்றிவிட ஒன்றைக்கூட யாரும் இதுவரை என்னிடம் விற்க வரவில்லை.